துண்டு வியாபாரியும் ஒடிந்த சக்கரமும்

ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர்களிடம் துண்டும் போர்வையும் வாங்கி நாகபுரி மொத்தக் கடைகளுக்கு அனுப்புகிறவர் ஜான் பாஷா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும் அவருக்கு. கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது. ஒருமுறை பல்லார்ஷா ஸ்டேஷனில் ரயிலுக்குத் தண்ணீர் எப்படி ஏற்றுகிறார்கள் என்று குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய், தொட்டி வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினார். ரயில் போய்விட்டிருந்தது. பெட்டியும் துணி மாதிரிகளும் நாகபுரிக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்தன. பள்ளிவாசலுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டபோது ரிக் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேலே வரும் கல்மாவு நிறம் மாறும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்து வைத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டினார்.

"எல்லாருக்கும் முப்பத்திரண்டு பல்லு. உங்களுக்கு மட்டும் 'ஏன்'னு ஒண்ணு அதிகமா மொளச்சிருக்கு" என்பார் மனைவி மதீனா பீவி.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் நாகபுரியில் ஒரு ஜவுளிக் குடோனில் மூட்டை கட்டும் வேலைக்குப் போனார். அங்கே கற்றதுதான் இந்தி. ஏச்சும் பேரமும் கலந்த கடைத்தெரு இந்திதான், ஆனால் தடுமாறாமல் பேசுவார். அந்த இந்திதான் அவரை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது.

ஜலகண்டாபுரத்திலிருந்து எடப்பாடி போகும் வழியில், மேட்டுக்காட்டில், ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒற்றை ஓடுபாதை, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் நான்கு. காலை வேளைகளில் அவை ஒன்றன் பின் ஒன்றாக ஏறி, வட்டமடித்து, இறங்கும். முதல் மாதம் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தறிச் சத்தத்தைப் போல அதுவும் பழகிவிட்டது.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில், ஒரு காலை, அந்த விமானங்களில் ஒன்று இறங்கும்போது இடது சக்கரம் ஒடிந்தது. இறக்கை தரையில் உரச, விமானம் பக்கவாட்டில் சுழன்று, கம்பிவேலியைப் பிய்த்துக்கொண்டு சாலம்மாளின் நிலக்கடலைக் காட்டுக்குள் போய் மூக்கைக் குத்தி நின்றது. உள்ளே இருந்தது எடப்பாடி தறிக்குடும்பத்துப் பெண் தமிழினி. அன்று தனியாக ஓட்டினாள். கழுத்தெலும்பு முறிந்து நெற்றியும் கிழிந்திருந்த அவளைச் சாலம்மாளும் பக்கத்துக் காட்டு ஆட்களும் சேர்ந்து வெளியே தூக்கினார்கள்.

பத்து மணிக்கெல்லாம் ஊருக்குள் செய்தி வந்துவிட்டது: "பிளேன் விழுந்திருச்சு." ஜான் பாஷா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் போலீஸ் கயிறு கட்டிவிட்டிருந்தது. கயிற்றுக்கு இப்பால் நின்றபடியே அவர் ஒன்றைக் கவனித்தார். விமானம் கடலைக்காட்டில் கிடந்தது. ஆனால் சக்கரம் மட்டும் வெகு தூரத்தில், ஓடுபாதையின் ஓரத்தில், தனியாகப் படுத்திருந்தது.

"ஏனுங்க, சக்கரம் ஏன் அங்கயே நின்னு போச்சு?" என்று கான்ஸ்டபிளைக் கேட்டார்.

"பாய், நகருங்க. கூட்டம் போடாதீங்க."

மறுநாள் பத்திரிகையில் பள்ளியின் மேலாளர் சொன்னதாக நாலு வரி வந்திருந்தது. மாணவி விமானத்தை வேகமாகத் தரையில் மோதி இறக்கியதே காரணமாக இருக்கலாம் என்றிருந்தது. டீக்கடையில் அது இன்னும் சுருங்கிப்போனது. "பொம்பளப் புள்ள கையில குடுத்தா இப்படித்தான்" என்றார்கள். ஜான் பாஷா மட்டும், "அப்படியே இருந்தாலும், சக்கரம் ஏன் அங்க கெடந்துச்சு?" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று மதியம் கிராம நிர்வாக அலுவலர் போன் செய்தார். டில்லியிலிருந்து விசாரணை அதிகாரி வந்திருக்கிறார், தமிழ் தெரியாது. பள்ளிக்காரர்களை மொழிபெயர்க்க வைப்பது முறையல்ல, அவர்களும் விசாரணைக்கு உட்பட்டவர்கள். சென்னையிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். "பாய், உங்களுக்கு இந்தி நல்லா வருமில்லீங்க? ரெண்டு நாளைக்கு வாரீங்களா?"

நாகபுரிக்கு அன்று மாலை ரயில். டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது.

"போகாதீங்க" என்றார் மதீனா பீவி. "போலீஸ், கவர்மெண்டு சமாச்சாரம். நீங்க போயி வாய வச்சிக்கிட்டு சும்மா இருப்பீங்களா?"

"சும்மாதான் இருக்கணும். அவங்க சொல்றத இவர்கிட்ட, இவர் சொல்றத அவங்ககிட்ட. அவ்வளவுதான் வேலை."

"அதான் உங்களால ஆகாதே."

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மறுநாள் காலை மேட்டுக்காட்டுக்குப் போனார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். தலையில் துணித் தொப்பி, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும் கயிறு. பேச்சு குறைவு. கொட்டகையின் ஓரத்தில் ஒரு அறையை ஒதுக்கச் சொல்லியிருந்தார். ஜான் பாஷாவை உட்கார வைத்து, இந்தியில் சொன்னார்: "நான் கேட்பது அவர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் சொல்வது எனக்கு வர வேண்டும். நடுவில் நீங்கள் இல்லை. இங்கே கேட்டதை வெளியே யாரிடமும் பேசக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றார் ஜான் பாஷா.

முதலில் வந்தவர் அப்புசாமி. பக்கத்துக் காட்டில் மஞ்சள் போட்டிருப்பவர். என்ன பார்த்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"தொப்புனு உளுந்துச்சுங்க. பனங்காய் உளுந்தாப்பல" என்றார் அப்புசாமி.

ஜான் பாஷா அதை இந்தியில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஆனால் ஜான் பாஷாவுக்குள் ஏதோ உறுத்தியது. ஊரே 'பிளேன் விழுந்திருச்சு' என்றுதான் சொல்கிறது. அவரேகூட வீட்டில் அப்படித்தான் சொன்னார். வானத்திலிருந்து விழுந்ததற்கும் விழுந்திருச்சு, ஓடும்போது குப்புறச் சாய்ந்ததற்கும் விழுந்திருச்சு. அப்புசாமி எதைச் சொல்கிறார்? இந்தியில் தான் சொன்ன சொல்லோ மேலிருந்து கீழே விழுவதைத்தான் சொல்லும். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"அப்புசாமிண்ணா, அந்த நேரம் நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க?"

அதிகாரியின் பேனா நின்றது. "இப்போது என்ன கேட்டீர்கள்?"

ஜான் பாஷா எழுந்தே நின்றுவிட்டார். கேட்டதையும், கேட்ட காரணத்தையும், எங்கள் பேச்சில் விழுவது என்றால் இத்தனை அர்த்தம் என்பதையும் ஒரே மூச்சில் கொட்டினார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தார். அதிகாரி பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"இப்படித் தோன்றினால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். நான் கேட்கிறேன். சரி, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்."

அப்புசாமி தலையைச் சொறிந்தார். "நான் குனிஞ்சு மடை திருப்பிட்டிருந்தனுங்க. முதுகுதான் அக்கட்ட இருந்துச்சு. சத்தங் கேட்டுத்தான் திரும்புனேன். அப்பவே அது வேலியப் பிச்சுக்கிட்டு ஓடுது."

"அப்போ தரையில் இறங்கியதை நீங்கள் பார்க்கவில்லை?" என்றார் அதிகாரி.

"பாக்கலீங்க. ஆனா உளுவாமயா சத்தம் வரும்?"

அடுத்தடுத்து வந்தவர்களும் 'தொப்பு' என்றே சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே நின்றீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று அதிகாரி இப்போது தானே கேட்டார். எல்லாரும் சத்தத்துக்குப் பிறகு திரும்பியவர்கள். இறங்கியதை முழுக்கப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். சாலம்மாள்.

"எங்க ஆட்டுக்குட்டிக்கு அந்தச் சத்தம் ஆகாதுங்க" என்றார் சாலம்மாள். "பிளேன் தாழ வந்தா கவுத்த அத்துக்கிட்டு ஓடிரும். அதனால வாரப்பவெல்லாம் கவுத்தப் புடிச்சுக்கிட்டு, அது எறங்கி முடியற மட்டும் பாத்துக்கிட்டே நிப்பேன். அன்னிக்கும் நின்னேன்."

"எப்படி இறங்கியது?"

"எப்பவும் போலத்தான் சாமி. மெத்துனு உக்காந்துச்சு. ரெண்டு சக்கரமும் ஓடுச்சு. பொறவு டிக்குனு ஒரு சத்தம், முருங்கக் கெளை ஒடியறாப்பல. எடது கால் மடங்கிருச்சு. அப்புறந்தான் ரெக்கை போயி தரையில அடிச்சுது. இவங்க சொல்ற தொப்பு அதுதான்."

ஜான் பாஷா ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி மாற்றினார். மெத்தென்று உட்கார்ந்தது, பிறகு ஓடியது, பிறகு ஒடிந்தது. வரிசை மாறிவிடக் கூடாதே என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பெண்ணை வெளியே எடுத்தபோது அவள் ஏதாவது சொன்னாளா என்று அதிகாரி கேட்டார்.

சாலம்மாளுக்குக் கண் கலங்கியது. "காட்டுல யாரு மேலயாச்சும் ஏத்திட்டனான்னு கேட்டுச்சுங்க. மூஞ்சியெல்லாம் ரத்தம். அப்பவும் அதத்தான் கேட்டுச்சு."

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அதிகாரி ஓடுபாதையில் நடக்கப் போனார். ஜான் பாஷாவும் கூடப் போனார். தார்ப் பரப்பில் இரண்டு கருத்த கோடுகள் மெலிதாகத் தொடங்கி, இணையாக ஓடின. ஓரிடத்தில் இடது கோடு அறுந்து, அங்கிருந்து தார் பெயர்ந்த ஒரு நீளமான கீறல் ஆரம்பித்தது. முந்தின நாளே அதிகாரி அதைப் படம் எடுத்திருந்தார். மோதி இறக்கியிருந்தால் தொட்ட இடத்திலேயே தடம் தடித்து, துள்ளி, மறுபடி விழுந்திருக்கும் என்று காலால் காட்டினார்.

"அப்படியென்றால் உங்களுக்கு நேற்றே தெரியும்" என்றார் ஜான் பாஷா. "பிறகு எதற்கு இத்தனை பேரைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள்?"

"தடம் சொல்வதை நான் தப்பாகவும் படித்திருக்கலாம் இல்லையா?" என்றார் அதிகாரி. முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். "நீங்கள் வியாபாரிதானே? துணியைப் பார்த்ததும் வாங்கிவிடுவீர்களா, பிரித்தும் பார்ப்பீர்களா?"

மறுநாள், விமானத்தின் ஒடிந்த காலை மேஜைமேல் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை அதிகாரி ஜான் பாஷாவிடம் கொடுத்தார். சக்கரத்தைத் தாங்கும் எஃகுக் கால் அது. ஒடிந்த வாயில் ஒரு பாதி புதுத் தகடு போலப் பளபளத்தது. மறுபாதி மங்கிப் பழுப்பேறியிருந்தது. பளபளப்பது அன்று ஒடிந்தது. மங்கியது எப்போதோ விட்ட விரிசல், காற்றும் ஈரமும் புகுந்து கறுத்தது என்றார் அதிகாரி. "இன்னும் ஓரத்தைப் பாருங்கள்."

ஜான் பாஷா குனிந்தார். பழுப்புக்குள், விளிம்பையொட்டி, நூலிழை மாதிரி ஒரு வெள்ளை.

"பெயிண்ட்!" என்று கத்திவிட்டார். "உள்ளே எப்படிப் பெயிண்ட் போகும்?"

"நீங்களே சொல்லுங்கள்."

ஜான் பாஷா கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பிடித்தார். பெயிண்ட் வெளியே அடிப்பது. உள்ளே போயிருக்கிறது என்றால், அடிக்கும்போதே வாய் திறந்திருக்க வேண்டும். அடித்தவருக்கு அந்த விரிசல் ஓர் ஒற்றை மயிரிழையாகக் கண்முன் இருந்திருக்கிறது. அதன் மேலேயே தூரிகை போயிருக்கிறது.

"பார்த்தும் அடித்தாரா, பார்க்காமல் அடித்தாரா?"

"அதைத்தான் இனிக் கேட்க வேண்டும்" என்றார் அதிகாரி.

பள்ளியில் விமானங்களைப் பராமரித்தவர்களில் ஒருவர் நந்தகுமார். எருமப்பட்டிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். உள்ளே வந்தபோதே முகம் வெளிறியிருந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், இரண்டு வாக்கியத்தில் உடைந்து தமிழுக்கு வந்துவிட்டார்.

"டிசம்பர்ல அடிச்சோமுங்க. புது அட்மிஷனுக்குப் பெத்தவங்க பாக்க வருவாங்க, வண்டி பளிச்சுனு இருக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. காலைக் கழட்டிச் சோதிக்கிற நாளும் வந்துருச்சு, ரெண்டையும் சேத்துச் செஞ்சரலாம்னு நான் சொன்னேன். கழட்டுனா ஒரு வாரம் வண்டி நிக்கும், பசங்க பறக்கிற மணிக்கணக்கு பாக்கியிருக்கு, பெயிண்ட் மட்டும் இப்ப அடி, மத்தது அப்புறம்னாங்க. அப்புறம் வரவே இல்லீங்க." நிறுத்திவிட்டு ஜான் பாஷாவின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "பாய், இத அப்படியே சொல்லிராதீங்க. வேலை போயிரும். ஊட்டுல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கறேன். எறங்கறப்ப அடி பட்டிருக்கும்னு கொஞ்சம் சேத்துச் சொல்லுங்க. அவருக்குத் தெரியவா போகுது?"

உண்மைதான். அவருக்குத் தெரியப்போவதில்லை. அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் ஜான் பாஷா ஒருவர்தான். எதிரே இருப்பவனைப் பார்த்தார். சட்டைக் காலரில் வெள்ளைப் பெயிண்ட் கறை இன்னும் போகாமல் இருந்தது. ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் வளைத்தால் இவன் பிழைப்பான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் பெயர் கெட்டுப்போகும்.

"தம்பி" என்றார் மெதுவாக, "நான் நடுவுல இல்லப்பா. நீ சொன்னது பூராவும் போகும். இப்ப எங்கிட்டக் கேட்டியே, அதுவும் போகும்."

நந்தகுமார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஜான் பாஷா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிராதீர்கள் என்று கேட்டதையும் சொன்னார்.

அதிகாரி கோபப்படவில்லை. "அவரிடம் சொல்லுங்கள். யாரைத் தண்டிப்பது என்று தேட நான் வரவில்லை; அது என் வேலையே அல்ல. இன்னொரு விமானம் இப்படி ஒடியக் கூடாது. அதற்குத்தான் கேட்கிறேன். அதே பெயிண்டை வேறு எதற்கு அடித்தார்?"

ஜான் பாஷா கேட்டார். நந்தகுமார் ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டினார். கொட்டகையில் மீதி மூன்று விமானங்களும் வெள்ளையாக நின்றன.

"நாலுக்கும் அடிச்சோமுங்க."

மூன்றும் பறக்கக் கூடாது என்று அந்த நிமிஷமே உத்தரவு போனது. மறுநாள் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கால்களின் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, சிவப்புச் சாயம் ஒன்றைப் பூசி, ஊற விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்து, விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய சாயம் பொடியில் ஊறித் தெரியும் என்று சொல்லிக் காத்திருந்தார். ஜான் பாஷாவின் வேலை முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் அவர் போகவில்லை. அதிகாரியும் போகச் சொல்லவில்லை. சாயமும் துணியும் என்றால் அவருக்கு உயிர்.

முதல் விமானத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதன் இடது காலில், அதே இடத்தில், வெள்ளைப் பொடிக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வெளியே வந்தது. நகக் கீறல் அளவுதான் இருக்கும். நிபுணர் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். தடை வராமல் இருந்திருந்தால், அன்று காலை அட்டவணைப்படி முதலில் ஏறியிருக்க வேண்டிய விமானம் அதுதான்.

ஊரில் ஜான் பாஷாவை யாரும் விடவில்லை. டீக்கடை, தறிப்பட்டறை, பள்ளிவாசல் வாசல் என்று போகிற இடமெல்லாம் பிடித்து, "பாய், யாரு என்ன சொன்னாங்க?" என்றார்கள். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே அலைந்த மனிதர் முதல்முறையாகப் பதில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தார். மதீனா பீவி கேட்டபோதுகூட, "வாக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதில் மதீனா பீவிக்கு இரண்டு நாள் கோபம்.

மாதங்கள் கழித்து விசாரணை முடிவு வெளியானது. தவறு ஓட்டிய பெண்ணிடம் இல்லை, சோதிக்காமல் விட்ட காலில் இருந்தது என்று பத்திரிகைகளில் வந்தது. பயிற்சிப் பள்ளியின் உரிமம் நிறுத்தப்பட்டு, ஓடுபாதையில் சோளம் காயப் போட ஆரம்பித்தார்கள். நந்தகுமாருக்கு வேலை போனது. இப்போது திருச்செங்கோட்டில் ரிக் வண்டிப் பட்டறையில் இருக்கிறார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஜான் பாஷாவைப் பார்த்தார். "நல்லா இருக்கீங்களா பாய்?" என்று அவர் கேட்க, "இருக்கேன் தம்பி" என்றார். வீட்டுக்கு வந்தும் அன்று ஜான் பாஷா சரியாகச் சாப்பிடவில்லை.

முடிவு வந்த பிறகுதான் அவர் எடப்பாடிக்குப் போனார், மதீனா பீவியையும் கூட்டிக்கொண்டு. தமிழினி வேறு ஊர்ப் பள்ளியில் சேர்ந்து மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். நெற்றித் தழும்பு புருவத்துக்கு மேல் மெல்லியதாகத் தெரிந்தது. வந்தவர்களை உள்ளே உட்காரவைத்து, அவள் அம்மா முறுக்கும் டீயும் வைத்தார்.

"உங்கள எனக்குத் தெரியும்ங்க. சாட்சி சொன்னவங்களுக்கு நடுவுல பேசுனவரு" என்றாள் தமிழினி. "எல்லாரும் என்னயத் தப்பாத்தான் சொன்னாங்களா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

"சரிங்க. கேக்கல."

ஜான் பாஷா டீயைக் கையில் வைத்தபடியே நெளிந்தார். மதீனா பீவி முழங்கையால் இடித்தார். பயனில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா சாமி? அந்தக் கால் ஒடியறப்ப என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனக்கலீங்க. பெட்ரோல அடைக்கணும், சுவிட்ச அணைக்கணும்னு கை தானாப் போச்சு. பயமெல்லாம் ஆஸ்பத்திரியில படுத்ததுக்கு அப்புறந்தான். கண்ண மூடுனா வேலி வரும்."

"மறுபடி மொதத் தடவ எறங்கறப்ப?"

"கை வேர்த்துருச்சுங்க. எறங்கி நின்ன பொறவு, கீழ குனிஞ்சு ரெண்டு காலையும் தடவிப் பாத்தேன். சொல்லிக் குடுக்கற சாரு சிரிச்சாரு. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"சரி, பூமி எவ்வளவு கிட்ட வந்துருச்சுன்னு மேலருந்து எப்படிம்மா தெரியும்? சக்கரம் கண்ணுக்குத் தெரியாதில்ல?"

"போதுங்க, புள்ளைய விடுங்க" என்றார் மதீனா பீவி.

தமிழினி சிரித்தாள். முறுக்குத் தட்டை ஒதுக்கிவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் நீளமாக விரித்தாள். காலி டம்ளர் ஒன்றைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். "துண்டு ஓடுபாதை, டம்ளர் பிளேனுன்னு வச்சுக்குங்க. பக்கத்துல பாக்கக் கூடாதுங்க, அந்தக் கடைசியப் பாக்கணும். நீங்க இந்தப் பக்கம் வாங்க, என் கண்ணு இருக்கற எடத்துக்கு."

ஜான் பாஷா டீயைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.